கறுப்பு நெகட்டிவைக் குப்பையில் போடாதீங்க!

1.
போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஓ.பி. முடியுற நேரம். பல வருஷமா என்கிட்ட சுகருக்குப் பார்க்கிற ஒரு பெரியவர் வந்தார். வயசு 78. திண்டுக்கல்லுக்குப் பக்கத்துக் கிராமம். மாத்திரைச் சீட்டை வாங்கிட்டு எழுந்திரிக்காம உட்கார்ந்திருந்தார். மஞ்சப்பைக்குள்ள இருந்து பழைய செய்தித்தாளில் சுத்தின ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து மேசை மேல வெச்சார்.

"டாக்டர் சார், இதுல எங்க அம்மா இருக்காங்களாம். நீங்க எக்ஸ்ரே பார்க்கிறவரு, உங்களுக்குத் தெரியுமான்னு பாருங்க."

(அவர் அனுமதியோடதான் எழுதுறேன். பேரும் ஊரும் வேண்டாம்.)

2.
அவருக்கு 3 வயசு இருக்கும்போது அம்மா இறந்துட்டாங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் குடும்பத்தோட போய் ஒரே ஒரு படம் எடுத்திருக்காங்க. "ஓவர் ஆயிடுச்சு, பிரிண்ட் போட்டா விழாது"ன்னு சொல்லி கண்ணாடி நெகட்டிவை மட்டும் கையில் கொடுத்துட்டாங்க. அப்பா அதைத் தூக்கிப் போடலை. பெட்டியில் துணிக்கு அடியில் 70 வருஷத்துக்கு மேல இருந்திருக்கு.

பார்த்தேன். கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. ட்யூப் லைட்டுக்கு நேரா பிடிச்சாலும் ஒண்ணும் தெரியலை.

3.
அந்தக் கண்ணாடியில் என்ன தெரிஞ்சதுன்னு கடைசியில் சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்தக் "கறுப்பு" எப்படி வருது, அது நோயா இல்லை வெறும் அறிகுறியா, அதுக்கு வைத்தியம் உண்டான்னு பார்ப்போம். இதுக்குள்ள நம்ம ஊர் வெயில், நம்ம கோயில், ஒரு ராணுவ கேப்டன், ரெண்டு டாக்டர் எல்லாம் வர்றாங்க. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா வாசிங்க மக்களே.

4.
முதல்ல அடிப்படை.

ஃபிலிமில் இருக்கிறது வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்ட இடத்துல அது டெவலப்பரில் போடும்போது உலோக வெள்ளியா மாறுது. அந்த நுண்ணிய வெள்ளித் துகள்தான் கண்ணுக்குக் கறுப்பாத் தெரியுது. வெளிச்சம் படாத இடத்துல உள்ள உப்பு ஹைப்போவில் கரைஞ்சு போயிடும். அந்த இடம் கண்ணாடி மாதிரி தெளிவா நிக்கும்.

ஆக, நெகட்டிவில் கறுப்பா இருந்தா அங்கே வெளிச்சம் விழுந்திருக்குன்னு அர்த்தம். தெளிவா இருந்தா ஒண்ணும் விழலைன்னு அர்த்தம்.

5.
இங்கேதான் எல்லாரும் ஏமாறுறாங்க.

வெளிறிப்போய் கண்ணாடி மாதிரி இருக்கிற நெகட்டிவைப் பார்த்தா "சுத்தமா இருக்கு"ன்னு தோணும். அதுதான் உண்மையில் காலி. வெளிச்சம் பத்தாம எடுத்தது. இல்லாத விவரத்தை எந்தக் கொம்பனும் கொண்டுவர முடியாது.

கறுப்பா அடர்ந்து கிடக்கிறதைப் பார்த்தா "கெட்டுப்போச்சு"ன்னு தோணும். ஆனா அதுக்குள்ள பெரும்பாலும் விவரம் இருக்கு. கூட்டம் அதிகமாகி வாசல் அடைச்சுக்கிட்ட மாதிரி. வீட்டுக்குள்ள ஆள் இருக்காங்க, நமக்கு உள்ளே போகத்தான் வழியில்லை.

6.
எக்ஸ்ரேயும் இதேதான். கதிர் தடையில்லாம போற நுரையீரல் கறுப்பு. கதிரை மறிக்கிற எலும்பு வெள்ளை. ஃபிலிம் காலத்துல டோஸ் கூடிப்போன நெஞ்சு எக்ஸ்ரே வந்தா மொத்தமும் கறுப்பா இருக்கும். அப்ப என்ன செய்வோம்? வியூ பாக்ஸுக்குப் பக்கத்துல "பிரைட் லைட்"னு ஒரு தனி விளக்கு இருக்கும். அந்தச் சின்ன வட்டத்துல கூர்மையான வெளிச்சம் வரும். ஃபிலிமை அதுக்கு முன்னாடி நகர்த்தி நகர்த்திப் பார்த்தா, இல்லைன்னு நினைச்ச நுரையீரல் நரம்பெல்லாம் தெரியும்.

யோசிச்சுப் பாருங்க. 14க்கு 17 இஞ்ச் எக்ஸ்ரே ஃபிலிம் என்பதும் ஒரு பெரிய சைஸ் ஷீட் ஃபிலிம்தான். லார்ஜ் ஃபார்மட் ஃபிலிமை ரொம்ப வருஷம் தினமும் கையில் பிடிச்ச கூட்டம் நாங்க.

7.
இப்ப வரலாறுக்கு வருவோம். 1857 டிசம்பர்.

வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்கலை. அந்த நேரத்துல பெங்களூரில் இருந்து மாட்டு வண்டிகளில் பெரிய பெரிய கேமராக்கள், மெழுகு பூசின காகிதம், கண்ணாடி, ரசாயன பாட்டில்களோட ஒரு ஆள் தெற்கே கிளம்புறார். பேரு லின்னேயஸ் ட்ரைப். மெட்ராஸ் ராணுவத்துல கேப்டன். 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1855இல் பர்மா அரசவைக்குப் போன தூதுக்குழுவோட போய் 200க்கும் மேற்பட்ட நெகட்டிவ் எடுத்துட்டு வந்தவர். அதைப் பார்த்துட்டு 1856இல் மெட்ராஸ் அரசாங்கம் அவரை அதிகாரபூர்வப் போட்டோகிராபரா நியமிச்சது.

8.
ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு 1858இல் சுத்தினார். மதுரையில் மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர் மஹால், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம் எல்லாம் எடுத்தார்.

அன்னைக்கு நம்ம திண்டுக்கல்லும் மதுரை ஜில்லாவுக்குள்ளதான். 1985 செப்டம்பர் 15லதான் நாம தனி மாவட்டம் ஆனோம். ரயில் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். மலைக்கோட்டை அப்பவும் இதே மாதிரிதான் சமவெளியில் இருந்து 280 அடி உசரத்துல மொட்டையா நின்னுக்கிட்டிருந்தது.

9.
நம்ம ஊர் வெளிச்சத்தைப் பத்தி ஒரு வார்த்தை.

மதியம் 12 மணிக்கு மலைக்கோட்டைப் பாறையில் ஏறிப் பாருங்க. பாறை கண்ணைக் கூசும். அதே பாறையில் இருக்கிற கோயில் மண்டபத்துக்குள்ள ஒரு அடி வெச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வரும். சுதாரிக்க ஒரு நிமிஷம் ஆகும். நம்ம கண்மணி சுருங்கி விரியும், விழித்திரையும் மெதுவா இருட்டுக்குப் பழகும். ஃபிலிமுக்கு அந்த வசதி கிடையாது. வெளியில் இருக்கிற வெயிலையும் உள்ளே இருக்கிற தூணையும் ஒரே எக்ஸ்போஷரில் பிடிக்கணும்.

தூணுக்குப் பார்த்து விட்டா வாசல் எரிஞ்சுடும். வாசலுக்குப் பார்த்து விட்டா தூண் காணாமப் போகும். ட்ரைப்புக்கும் இதே தலைவலிதான்.

10.
அவர் கையில் இருந்த முக்கியமான முறை மெழுகுக் காகித நெகட்டிவ். 1851இல் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே சொன்னது. நல்ல காகிதத்துல மெழுகை ஊற வெச்சு, வெள்ளி உப்பு ஏத்தி, காய வெச்சு முன்கூட்டியே தயாரா வெச்சுக்கலாம். வெயில் காலத்துல ஊர் ஊராப் போறவனுக்கு இது வரம். அதே 1851இல் வந்த ஈரக் கொலோடியன் கண்ணாடி முறையில் தட்டு காயறதுக்குள்ள எடுத்து, காயறதுக்குள்ள கழுவணும். நம்ம சித்திரை வெயிலில் அது எவ்வளவு நேரம் ஈரமா இருக்கும்னு நீங்களே கணக்குப் போடுங்க.

காகித முறையில் ஒரு குறை: எக்ஸ்போஷர் நிமிஷக் கணக்கில் ஆகும். டெவலப் பண்ண மணிக்கணக்கில் ஆகும்.

11.
அந்த டெவலப்பர் என்ன தெரியுமா? காலிக் அமிலம். நம்ம கடுக்காயில் இருக்கிற துவர்ப்புச் சத்தோட சொந்தக்காரன்! தோல் பதனிடுறதுல பேர் வாங்கின ஊர்க்காரங்களுக்குக் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. தோலைப் பதப்படுத்துற அதே வகைத் துவர்ப்புதான் அன்னைக்குப் படத்தையும் வெளியே கொண்டுவந்தது.

மெதுவா வேலை செய்யறதுல ஒரு லாபம் உண்டு. கண்ணால பார்த்துக்கிட்டே இருந்து, போதும்னு தோணும்போது நிறுத்தலாம். வெளிச்சம் கூடிப்போச்சுன்னு தெரிஞ்சா சீக்கிரம் எடுத்துடலாம்.

12.
ஆனா வானம்?

அன்னைக்கு இருந்த வெள்ளி உப்புக்கு நீல நிறம்தான் கண்ணுக்குத் தெரியும். சிவப்பும் பச்சையும் அதுக்குக் கிட்டத்தட்ட இருட்டு. கோபுரத்துக்கும் மரத்துக்கும் பத்துற அளவு எக்ஸ்போஷர் கொடுத்தா நீல வானம் பல மடங்கு கூடிப்போகும். நெகட்டிவில் வானம் மொத்தமும் தார் பூசின மாதிரி ஆயிடும். பிரிண்டில் வெறும் வெள்ளை.

19ஆம் நூற்றாண்டுப் படங்களில் மேகமே இல்லாம வானம் மொட்டையா இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். வானம் மட்டும் ஓவர் எக்ஸ்போஸ் ஆனது.

13.
ட்ரைப் இதுக்கு என்ன செஞ்சார்? பிரஷ்ஷை எடுத்தார்.

நெகட்டிவ் மேலேயே வண்ணம் பூசி, வானத்துல மேகம் வரைஞ்சார். விவரம் போன மரத்துக்கு இலை வரைஞ்சார். தண்ணீரைச் சரி பண்ணினார். கோபுரத்துல கை வைக்கலை, அது கல்லில் உள்ளபடியே இருக்கணும். பழுது எங்கேயோ அங்கே மட்டும் மருந்து. நல்ல சர்ஜன் செய்யற வேலை.

அவர் வேலைக்குத் துணையா இருந்தவங்களில் சி. ஐயாசாமி என்ற தமிழரும் ஒருவர். புத்தகங்களில் கேப்டன் பேர் பெரிசா இருக்கும். இந்தப் பேரையும் நினைவில் வெச்சுக்கோங்க.

14.
தஞ்சாவூரில் அவர் செஞ்ச வேலையைச் சொல்லாம விட முடியாது. பெரிய கோயில் விமானத்தோட அடிப்பீடத்துல சுத்தி வர்ற கல்வெட்டை வரிசையா 21 நெகட்டிவாக எடுத்து, பிரிண்டுகளை ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி.

21 நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் வரணும். ஒண்ணு கறுத்தாலும் ஒட்டும்போது பளிச்சுன்னு காட்டிக் கொடுத்துடும். சூரியன் நகர்ந்துக்கிட்டே இருக்கு, மீட்டர் கிடையாது. கடிகாரமும் அனுபவமும் மட்டும்தான் துணை.

15.
இன்னொரு முக்கியமான விஷயம். இன்னைக்கு நாம பார்த்தா "ரொம்ப அடர்த்தி"ன்னு சொல்ற நெகட்டிவ், அவங்களுக்குச் சரியான நெகட்டிவ்.

ஏன்னா அன்னைக்கு என்லார்ஜர் போட்டு பிரிண்ட் எடுக்கலை. நெகட்டிவையும் உப்புக் காகிதத்தையும் (பிறகு முட்டை வெள்ளைக்கரு பூசின ஆல்புமென் காகிதத்தையும்) ஒண்ணா ஃபிரேமில் வெச்சு வெயிலில் காட்டினாங்க. படம் வெயிலிலேயே தோன்றும். அந்தக் காகிதத்துக்கு நல்ல அடர்ந்த, நல்ல வித்தியாசமுள்ள நெகட்டிவ் வேணும். மெல்லிய நெகட்டிவைப் போட்டா படம் சோம்பிப் போய் வரும்.

அதனால பழைய பெட்டியில் கனத்த நெகட்டிவ் கிடைச்சா, "எடுத்தவருக்குத் தொழில் தெரியலை"ன்னு தீர்ப்புச் சொல்லிடாதீங்க. ஹீமோகுளோபின் அளவைப் பார்த்தாலும் வயசு என்ன, ஆணா பெண்ணான்னு கேட்டுத்தானே சரியா தப்பான்னு சொல்றோம்?

16.
ட்ரைப்போட கதை சோகமா முடிஞ்சது. 1859இல் மெட்ராஸ் கவர்னரா வந்த சார்லஸ் ட்ரெவெலியன், இருக்கிற நிதி நிலைமையில் இதெல்லாம் ஆடம்பரம்னு முடிவு பண்ணி அந்தப் போட்டோ துறையை மூடிட்டார். அதுக்கப்புறம் ட்ரைப் அந்த அளவுக்குப் படம் எடுக்கவே இல்லை. 1902 மார்ச்சில் இறந்தார். அவர் எடுத்த மதுரையும் தஞ்சையும் இன்னைக்கும் லண்டன் மியூசியங்களில் இருக்கு.

மெட்ராஸில் போட்டோகிராபியை வளர்த்தவங்களில் நம்ம தொழில்காரர் ஒருத்தர் உண்டு. டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர், அறுவை மருத்துவர். 1850இல் சென்னையில் கலைப் பள்ளியைத் தொடங்கினவர். இன்னைக்கு எழும்பூரில் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரியோட ஆரம்பம் அதுதான்.

17.
அடுத்த டாக்டர் இன்னும் முக்கியமானவர்.

ஈரக் கொலோடியன் முறையில் ஈதர் ஆவி. நாள் முழுக்க இருட்டறைக்குள்ள அதைச் சுவாசிக்கணும். ஹைப்போவுக்குப் பதிலா சில பேர் பொட்டாசியம் சயனைடிலேயே கழுவினாங்க! (நாங்க சயனைடு விஷத்துக்கு முறிவா கொடுக்கிற சோடியம் தயோசல்பேட்தான் இந்த ஹைப்போ. விஷமும் முறிவும் ஒரே அலமாரியில் இருந்திருக்கு.) விரல் நுனியெல்லாம் சில்வர் நைட்ரேட் பட்டுக் கறுத்திருக்கும். நாங்க மருவையும் புண்ணையும் சுடுறதுக்கு வெச்சிருந்த அதே சில்வர் நைட்ரேட்.

18.
ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ். இங்கிலாந்து மருத்துவர். மைக்ரோஸ்கோப் வழியா படம் எடுக்கிறதுல பைத்தியம். ஈதர் ஆவி அவர் உடம்புக்கு ஒத்துக்கலை. வேற வழி தேடினார். 1871 செப்டம்பரில் ஒரு கட்டுரை எழுதினார்: கொலோடியனுக்குப் பதிலா ஜெலட்டின். அதுக்குள்ள சில்வர் புரோமைடு. காய்ஞ்ச தட்டு.

இந்த யோசனையை அவர் காப்புரிமை போட்டுப் பூட்டி வைக்கலை. எல்லாருக்கும் கொடுத்துட்டார். பிற்காலத்து ஃபிலிம், நாங்க பார்த்த எக்ஸ்ரே ஃபிலிம், அந்தப் பெரியவர் கொண்டுவந்த கண்ணாடித் தட்டு எல்லாமே இந்த ஜெலட்டின் பரம்பரைதான். மேடாக்ஸும் 1902இல்தான் இறந்தார். ட்ரைப் போன ரெண்டு மாசத்துல.

19.
1878இல் சார்லஸ் பென்னெட் என்பவர் அந்த ஜெலட்டின் கரைசலைச் சூட்டில் வெச்சுப் பக்குவப்படுத்தினா வேகம் பல மடங்கு கூடுதுன்னு காட்டினார்.

இங்கேதான் நம்ம கதையோட திருப்பம். அதுவரைக்கும் போட்டோகிராபர் லென்ஸ் மூடியைக் கையால கழட்டி, "ஒண்ணு... ரெண்டு... மூணு..."ன்னு எண்ணி, திரும்ப மூடுவார். புதுத் தட்டுக்கு ஒரு நொடியில் ஒரு பங்கே போதும். பழைய கை பழைய மாதிரியே எண்ணிச்சு. தட்டு தட்டா கறுத்துப் போச்சு.

ஓவர் எக்ஸ்போஷர் ஒரு பரவலான "நோயா" மாறினது இந்தக் காலத்துலதான். மருந்தோட வீரியம் கூடினது தெரியாம பழைய டோஸையே கொடுத்த கதை. ஷட்டர் என்கிற கருவி கட்டாயமானதும் இதனாலதான்.

20.
நோய் வந்தா ஆராய்ச்சியும் வரணுமே. வந்தது.

ஃபெர்டினான்ட் ஹர்ட்டர், வீரோ டிரிஃபீல்ட்னு ரெண்டு நண்பர்கள். இங்கிலாந்தில் ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவங்க. 1890இல் எவ்வளவு வெளிச்சம் கொடுத்தா எவ்வளவு கறுக்கும்னு அளந்து ஒரு வளைகோடு போட்டாங்க. சாய்ஞ்ச எஸ் வடிவம். கீழே ஒரு பாதம், நடுவில் நேர் ஏத்தம், மேலே ஒரு தோள்.

பாதத்துக்குக் கீழே போனா விவரம் இல்லை. நேர் ஏத்தத்துல இருக்கிற வரைக்கும், நெகட்டிவ் எவ்வளவு கறுத்தாலும் விவரம் பத்திரம். தோளுக்கு மேலே போனாத்தான் ஆபத்து. அங்கே நெத்தியும் வெள்ளைச் சட்டையும் ஒரே கறுப்பா ஒட்டிக்கும்.

எங்க மருந்தியல் பாடத்துல வர்ற டோஸ்-ரெஸ்பான்ஸ் வளைகோடும் அச்சு அசல் இதே வடிவம்தான்.

21.
இதுல இருந்து கிடைக்கிற நல்ல செய்தி: கறுப்பு நெகட்டிவில் முதல்ல போறது வெள்ளைப் பகுதிகள். இருட்டுப் பகுதிகள் (கண், முடி, கறுத்த கல், நிழல்) நல்லாவே பதிஞ்சிருக்கும். வெளிச்சம் குறைஞ்ச நெகட்டிவில் முதல்ல போறது கண்ணும் முடியும்தான்.

ஒரு முகத்துல நமக்கு எது வேணும், சொல்லுங்க?

22.
இப்ப வைத்தியப் பகுதி. இன்னைக்கும் 4க்கு 5, 8க்கு 10 கேமராவில் ஃபிலிம் எடுக்கிற இளைஞர்கள் இருக்காங்க. "நெகட்டிவ் கறுத்துப்போச்சு"ன்னு வந்தா நான் நேரா மருந்து எழுத மாட்டேன். முதல்ல பரிசோதனை.

ஒண்ணு, ஓரத்தைப் பாருங்க. ஹோல்டருக்குள்ள மறைஞ்சிருந்த விளிம்பு தெளிவா இருக்கணும். அதுவும் சாம்பலா இருந்தா அது எக்ஸ்போஷர் தப்பு இல்லை. ஃபிலிம் பழசு, இல்லை இருட்டறையில் வெளிச்சக் கசிவு, இல்லை டெவலப்பர் கோளாறு.

ரெண்டு, நிழலைப் பாருங்க. நிழலும் சேர்ந்து கறுத்திருந்தா எக்ஸ்போஷர் கூடுதல். நிழல் சரியா இருந்து வெளிச்சப் பகுதி மட்டும் எகிறியிருந்தா டெவலப் கூடுதல்.

காய்ச்சல் ஒண்ணுதான். டைபாய்டா, டெங்குவான்னு பிரிச்சுப் பார்க்காம ஊசி போடக்கூடாது.

23.
எக்ஸ்போஷர் கூடினதுதான்னா, பெரிய கேமராவில் வழக்கமான காரணங்கள்:

• ஃபோகஸ் பார்க்க லென்ஸை முழுசாத் திறந்து வெச்சவர், திரும்ப மூட மறந்துட்டார். எஃப் 22க்குப் பதிலா எஃப் 5.6. நாலு ஸ்டாப். அதாவது 16 மடங்கு வெளிச்சம்!

• ஃபோகஸ் பார்த்த பிறகு ஷட்டரை மூடாமலே ஹோல்டரின் தகட்டை உருவிட்டார்.

• பழைய ஷட்டருக்கு மூட்டு வலி. சின்ன வேகத்துல இழுத்துக்கிட்டே நிக்கும்.

• எடுத்த ஃபிலிமையே மறுபடியும் எடுத்தது. தகட்டோட கறுப்பு விளிம்பு வெளியே தெரிஞ்சா "எடுத்தாச்சு"ன்னு அர்த்தம். வெள்ளையும் கறுப்பும் மாத்திப் போட்டா வினை.

• மீட்டரைக் கறுத்த கல் சிலை மேல மட்டும் காட்டினது. மீட்டருக்குக் கறுப்பு, வெள்ளை தெரியாது. பார்க்கிறதையெல்லாம் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். கோயிலுக்குள்ள எடுக்கிறவங்க அதிகம் விழுற குழி இது.

24.
டெவலப் கூடினதுதான்னா நம்ம ஊரில் முதல் சந்தேகம் தண்ணி மேல.

டெவலப்பர் டப்பாவில் போட்டிருக்கிற நேரம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கு. மே மாசம் திண்டுக்கல்லில் மொட்டைமாடித் தொட்டியில் இருந்து வர்ற குழாய்த் தண்ணி 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் பாதிக்கும் குறைவான நேரம் போதும். டப்பாவில் போட்ட நேரமே விட்டா நெகட்டிவ் கரி. ரொம்பச் சூடானா ஜெலட்டினே உப்பி, சுருங்கி, தட்டை விட்டு எழும்பும்.

வைத்தியம் சுலபம்: தெர்மாமீட்டர் ஒண்ணு, ஐஸ் கட்டி கொஞ்சம். ஐஸை டெவலப்பருக்குள்ள போடாதீங்க, பாத்திரத்தைச் சுத்தி வைங்க.

25.
ஏற்கெனவே கறுத்துப்போன நெகட்டிவுக்கு? 1880களில் ஹோவர்ட் ஃபார்மர் ஒரு மருந்து சொன்னார். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஹைப்போவும் கலந்த கரைசல். அதுல போட்டா வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாக் கரையும், நெகட்டிவ் மெலியும். இன்னைக்கும் அது "ஃபார்மர்ஸ் ரெட்யூசர்"தான்.

ஆனா இது அறுவை சிகிச்சை மாதிரி. கரைஞ்ச வெள்ளி திரும்பி வராது. ஒரு நிமிஷம் கூடினா நிழலில் இருந்த மென்மையான விவரம் முதல்ல போயிடும். நீங்க எடுத்த, இன்னொரு காப்பி இருக்கிற நெகட்டிவில் பழகுங்க. தாத்தா பாட்டியோட ஒரே நெகட்டிவில் கை வைக்கவே வைக்காதீங்க.

இன்னைக்கு அதுக்கு அவசியமும் இல்லை.

26.
வீட்டில் இருக்கிற பழைய கறுப்பு நெகட்டிவுக்கு என் பிரிஸ்கிரிப்ஷன்:

• ஓரத்தை மட்டும் பிடிங்க. பளபளப்பில்லாத பக்கம்தான் படம் இருக்கிற பக்கம். ஈரத் துணியால துடைக்காதீங்க, ஜெலட்டின் ஊறி உரியும்.

• பின்னாடி இருந்து பலமான, சூடேறாத வெள்ளை வெளிச்சம் கொடுங்க. நடுவில் பால் வெள்ளை அக்ரிலிக் ஷீட் வைங்க. சுத்தி வர்ற வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால மறைங்க.

• கேமராவை ஸ்டாண்டில் வெச்சு, ஒண்ணைவிட ஒண்ணு நீளமான எக்ஸ்போஷரில் நாலஞ்சு படம் எடுங்க. பிறகு நிறத்தைத் தலைகீழாக்குங்க. முதல் தடவை ஆசைக்கு போன் கேமராவே போதும்.

• பழைய ஷீட் ஃபிலிமில் சில நைட்ரேட் வகை. எளிதாத் தீப்பிடிக்கும். பிசுபிசுத்தோ, நெடி அடிச்சோ இருந்தா வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் வைக்காதீங்க. விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க.

• அப்புறம் காகித உறையில் ஒண்ணொண்ணா, செங்குத்தா வைங்க.

27.
இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறேன்?

பழைய எக்ஸ்ரேயை எடைக்கு வாங்குறவங்களை நீங்க பார்த்திருப்பீங்க. ஃபிலிமில் இருக்கிற வெள்ளிக்காக. நெகட்டிவுக்கும் அதே கதிதான். ஸ்டூடியோ மூடினா மூட்டை மூட்டையாப் போகுது. கறுப்பு நெகட்டிவில்தான் வெள்ளி அதிகம். "படம் விழாது, வேஸ்ட்"னு முதல்ல ஒதுக்கப்படுறதும் அதுதான். எதுல விவரம் அதிகமா புதைஞ்சிருக்கோ அதுதான் முதல்ல உலைக்குப் போகுது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியோட அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோட, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்காங்க. நல்ல வேலை. ஆனா ஒவ்வொரு வீட்டுப் பரணுக்கும் அவங்க வர முடியாது. அது நம்ம வேலை.

28.
சரி, அந்தப் பெரியவர்.

கிளினிக்கில் ஒரு மூலையில் பழைய வியூ பாக்ஸ் இருக்கு. எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு அதுமேல மாத்திரை அட்டைதான் அடுக்கி வெச்சிருந்தோம். தூசி தட்டினேன். பிரைட் லைட் நல்ல வேளை எரிஞ்சது. கண்ணாடியை அதுக்கு முன்னாடி பிடிச்சு, போனில் நிறத்தைத் தலைகீழாக்கிக் காட்டினேன்.

நெத்தியும் கன்னமும் வெளிச்சத்துல அடைச்சுப் போயிருந்தது. வெள்ளை ரவிக்கையில் ஒரு மடிப்பும் இல்லை. அதெல்லாம் தோளைத் தாண்டிப் போனவை, திரும்ப வராது. ஆனா கண்ணு இருந்தது. நடு வகிடு எடுத்துச் சீவின முடி இருந்தது. ரெண்டு காதிலும் தொங்கின பாம்படம் இருந்தது. மடியில் ஒரு குழந்தை, கையை ஆட்டியிருக்கும் போல, கை மட்டும் கலங்கியிருந்தது.

29.
அவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்:

"பாம்படம் போட்டிருந்தாங்கன்னு அத்தை சொல்லியிருக்கு சார். கண்ணு என் பேத்தி மாதிரி இருக்கு."

அடுத்த வாரம் நல்ல கேமராவில் ஒரு நண்பர் எடுத்துக் கொடுத்தார். அழிஞ்ச நெத்தியைக் கம்ப்யூட்டரில் வரைஞ்சு நிரப்பலாமான்னு கேட்டார். ட்ரைப்பை நினைச்சுக்கிட்டேன். அவர் மேகம் வரைஞ்சார், கோபுரத்தை வரையலை. வேண்டாம்னு சொல்லிட்டோம். இருக்கிறது இருக்கிறபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம்.

30.
இந்த வாரம் உங்க வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், அப்பாவோட பழைய ஃபைலில் ஒரு தடவை பாருங்க. கறுப்பா ஒரு ஃபிலிமோ கண்ணாடியோ இருந்தா தூக்கிப் போடாதீங்க. பின்னாடி நல்லா வெளிச்சம் கொடுத்துப் பாருங்க.

உங்க வீட்டு ஆள் யாராவது அதுக்குள்ள உட்கார்ந்திருக்கலாம்.

இந்தப் பதிவைப் பெரியவங்க இருக்கிற குடும்ப குரூப்பில் பகிருங்க. பெட்டி எங்கே இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.